மூளையின் அலையைக் கண்டவர்

காஞ்சீபுரத்தில் பட்டுப் புடவை வாங்குகிறவர்கள் சரிகையைச் சுரண்டிப் பார்ப்பது உண்டு. உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிந்தால் அசல் சரிகை.

மனிதன் சொல்லும் சொல்லை இப்படிச் சுரண்டிப் பார்க்க முடியுமா?

முடியும் என்ற ஆசையை உண்டாக்கியவர், ஜெர்மனி நாட்டு டாக்டர் ஹான்ஸ் பெர்கர்.

வந்தது தந்தி

பெர்கர் 1873-ம் ஆண்டு பிறந்தார். வாலிபத்தில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையில் இருந்து விழுந்தார். பின்னால் பீரங்கி வண்டி வந்தது. மயிரிழையில் உயிர் தப்பினார்.

அன்றே தந்தையிடம் இருந்து தந்தி வந்தது. அவருக்கு ஏதோ ஆபத்து என்று, வெகு தூரத்தில் இருந்த சகோதரியின் மனதில் பட்டதாம்!

இது எப்படி? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. கணிதப் படிப்பை விட்டு, மூளை டாக்டர் ஆனார்.

கண் திறந்தால் மாயம்

1924-ம் ஆண்டு ஜூலை மாதம், யேனா நகரில், 17 வயது வாலிபன் ஒருவனின் மூளையில் ஓடும் மின்சாரத்தைக் கருவியில் பதிவு செய்தார். தம் மகனின் தலையிலும் சோதித்தார். 5 ஆண்டு பொறுத்து, 1929-ல் உலகுக்குச் சொன்னார்.

கண்ணை மூடினால் விநாடிக்குச் சுமார் 10 அலைகள். கண்ணைத் திறந்தால் அந்த அலை அடங்கிவிடும்!

பலர் நம்பவில்லை. 1934-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஏட்ரியன் சோதித்து, உண்மை என்றார். புகழ் வந்தது.

ஆனால் ஒரு கறையும் உண்டு. ஹிட்லர் ஆட்சியில், நோயாளிகளுக்குக் கட்டாயக் கருத்தடை விதித்த கோர்ட்டில் பெர்கரும் அமர்ந்தார். 1941-ல் மனச்சோர்வால் தற்கொலை செய்துகொண்டார்.

பொய் சிக்குமா?

பழக்கப்பட்ட பொருளைக் கண்டதும், விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் மூளையில் ஓர் அலை எழும். பொய் சொல்ல மூளை உழைக்கும்போது கண்ணின் பாவை விரியும். இவற்றை அளந்து குற்றவாளியைப் பிடிக்கப் பல நாடுகளில் முயன்றார்கள். இந்தியாவிலும் போலீசார் மூளைச் சோதனை நடத்தினார்கள்.

ஆனால் கொலைக் கத்தியைக் கண்டால், கொலைகாரன் மூளையில் எழும் அலை, அதை முன்பே பார்த்த பக்கத்து வீட்டுக்காரன் மூளையிலும் எழும். பயத்திலும் பாவை விரியும்.

ஒருவரின் சம்மதம் இல்லாமல் இச்சோதனைகளை நடத்தக் கூடாது என்று, 2010-ம் ஆண்டு மே 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

மனதைத் தேடிய பெர்கருக்குக் கிடைத்தது அலை மட்டுமே. வலிப்பு நோயைக் கண்டறிய டாக்டர்களுக்கு இன்றும் அது உதவுகிறது. சரிகையைச் சுரண்டலாம். மனதைச் சுரண்டும் கருவி இன்னும் வரவில்லை.