செவிக்குள் யாழ் கண்ட அறிஞர்

குழலும் யாழும் ஒரே சுருதியில் ஒலித்தாலும் செவி அவற்றை வேறு பிரித்து அறிகிறது. ஆகாரத்தையும் ஈகாரத்தையும் ஒரே சுருதியில் பாடினாலும் எழுத்து மயங்குவதில்லை. கவிஞர் அனைவரும் நம்பியிருக்கும் இவ்வாற்றலுக்குக் காரணம் தேடியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

அவர் 1821ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் போட்ஸ்டாம் நகரில் ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். உள்ளம் இயற்பியலை நாடியது. குடும்பத்தின் பொருள்நிலை இடந்தரவில்லை. ஆகவே, படைமருத்துவராகப் பணிபுரியும் கடப்பாட்டை ஏற்று, அரசுச் செலவில் பெர்லினில் மருத்துவம் பயின்றார். வறுமை தந்த மருத்துவமும் விருப்பம் தந்த இயற்பியலும் பின்னாளில் அவரது செவி ஆய்வில் ஒன்று கலந்தன.

சிக்கலான அலையை எளிய அலைகளின் கூட்டாகப் பகுக்கலாம் என்பது பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே கண்ட கணிதம். செவியும் அவ்வாறே பகுக்கிறது என 1843இல் ஓம் உரைத்தார். அக்கருத்தை ஆய்வால் நிறுவ முயன்றவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஒவ்வொரு சுருதிக்கு மட்டுமே எதிரொலிக்கும் உட்குடைவான உருண்டைகளைச் செய்து, அவற்றைச் செவியில் பொருத்தி, ஓரொலிக்குள் ஒளிந்திருந்த கூற்றொலிகளைத் தனித்தனியே கேட்டார். மின்விசையால் இயங்கும் இசைக்கவைகளின் ஒலிகளை வெவ்வேறு அளவில் கலந்து உயிரெழுத்துகளின் ஓசையைப் பிறப்பித்தார்.

1863இல் வெளிவந்த அவரது இசையுணர்வு பற்றிய நூல், உட்செவியைப் பியானோவுக்கு ஒப்பிட்டது. பியானோவின் அருகே ஓர் உயிரெழுத்தைப் பாடினால், தடையின்றி விடப்பட்ட தந்திகளுள் உரியவை மட்டும் அதிர்ந்து அவ்வெழுத்தையே திருப்பி ஒலிக்கும். செவிக்குள்ளும் அத்தகைய தந்திகள் உண்டு என்பது அவர் கொள்கை. முதலில் கார்ட்டி உறுப்பின் தண்டுகளையே தந்திகளாகக் கருதினார். பறவைகளுக்கு அத்தண்டுகள் இல்லை எனத் தெரிந்ததும், பின்னைய பதிப்பில் தம் கருத்தை மாற்றி, அடிச்சவ்வின் இழைகளே தந்திகள் என எழுதினார். புகழின் உச்சியில் நின்றும் சான்றுக்குத் தலைவணங்கிய பெருந்தன்மை அது.

1894ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 8ஆம் நாள் அவர் மறைந்தார். அவ்விழைகள் தந்திகளைப்போல் தனித்தனியே அதிர்வதில்லை என்றும், சவ்வின்மீது அலை ஓடுகிறது என்றும் பேகேஷி பின்னர் காட்டி, 1961இல் நோபல் பரிசு பெற்றார். எனினும், ஒவ்வொரு சுருதிக்கும் உட்செவியில் ஓரிடம் உண்டு என்னும் ஹெல்ம்ஹோல்ட்ஸின் கருத்து நிலைத்தது. செவிப்புலன் இழந்தோரின் உட்செவியில் இன்று பொருத்தப்படும் மின்முனைகள், அந்த இடவரிசையைப் பின்பற்றியே ஒலியை உணர்த்துகின்றன.