இருதயத்தின் தொழிலைத் தமிழில் எழுதிய கிறீன் வைத்தியர்

கிளினிக் நாளொன்றில் வன்னியின் எந்த வைத்தியசாலைக்குச் சென்றாலும் விடிந்தும் விடியாத பொழுதிலேயே வாங்குகள் நிரம்பிவிடுவதைக் காணலாம். அக்கராயனிலிருந்தும் முத்தையன்கட்டிலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள், 1990இல் வெளியேற்றப்பட்டு நெடுங்காலத்தின் பின் முல்லைத்தீவுக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் முதியவர்கள், 2009இன் பின்னர் வெறுங்கையுடன் மீளக்குடியமர்ந்தவர்கள் எனப் பலரும் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பர். அவர்களுடைய கொப்பியில் எழுதப்பட்டிருப்பதோ ஆங்கிலம். அத்தகைய வரிசையொன்றில் எமக்கு அருகே இருந்த மூதாட்டி ஒருவர், தலைச்சுற்று நின்றுவிட்டதால் பிரஷர் குளிசையையும் தாம் நிறுத்திவிட்டதாகக் கூறினார். அவரைக் குறைகூற மனம் வரவில்லை. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டாமலே நாடிகளின் சுவரைக் கெடுத்துக்கொண்டிருக்கும் என்பதை அவருக்கு விளங்கும் மொழியில் ஆறுதலாக எடுத்துச்சொன்னவர் எவரேனும் உண்டா என்பது ஐயமே.

நோயாளியின் மொழியில் வைத்தியம் பேசவேண்டும் என்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒருவர், ஆனையிறவைக் கடந்தால் அதிக தொலைவில்லாத மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்தார். அவர் அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822 ஒக்டோபர் 10ஆந் திகதி மசாசுசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் கிறீன் பிறந்தார். ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே ஆண்டிலேயே. சமயத்தால் எதிரெதிர் அணியில் நின்ற இவ்விருவரும் தமிழ் உரைநடையை அச்சேற்றிய பணியில் ஒரே காலத்தவர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கிறீனின் சகோதரர் அன்ட்ரூ கிறீன், இன்றைய பெரு நியூயோர்க் நகரை உருவாக்கியவராகப் போற்றப்படுபவர். தம்பதம் ஊரிலேயே தங்கியிருப்பின் சாமுவேலுக்கும் வசதியான வாழ்வு கிடைத்திருக்கும். ஆயினும் 1845இல் நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்ற அவர், 1847இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, முதலில் வட்டுக்கோட்டையிலும் அடுத்த ஆண்டில் மானிப்பாயிலும் பணியைத் தொடங்கினார். அவர் வந்தது மதம் பரப்பும் நோக்குடன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவரும் அதை மறைத்ததில்லை.

நோயாளரைப் பார்ப்பதோடு உள்ளூர் இளைஞரை வைத்தியராகப் பயிற்றுவதையும் அவர் ஆரம்பத்திலேயே கைக்கொண்டார். முதலில் கற்பித்தது ஆங்கிலத்தில். ஆனால் ஆங்கிலத்தில் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகம் பெற்று வேறிடங்களுக்குச் செல்ல, கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தார். (இந்தப் பிரச்சினை நூற்றைம்பது ஆண்டுகளில் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வாசகர்களே மதிப்பிடலாம்.) எனவே 1864இல் தமிழிலேயே வைத்திய வகுப்பை நடத்தத் துணிந்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60 பேருக்கு மேல். அவர்களிற் சரிபாதியளவினர் தமிழ்மொழி மூலம் கற்றவர்கள்.

கற்பிப்பதற்கு நூல் வேண்டுமே. மனித உடலின் அமைப்பையும் தொழிலையும் சுகாதாரத்தையும் கூறும் கற்றரின் நூலை 1852இலேயே அவர் தமிழில் வெளியிட்டிருந்தார். பின்னர் 1867இல் இரண வைத்தியம், 1872இல் கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் வழிவந்த மனுஷ அங்காதிபாதம், அதே ஆண்டில் வைத்தியாகரம், 1875இல் கெமிஸ்தம் என நூல்கள் தொடர்ந்தன. மாணவர்கள் மொழிபெயர்ப்பில் துணைநின்றனர். கலைச்சொல்லுக்கு அவர் கொண்ட ஒழுங்கு எளிமையானது: முதலில் தமிழ்ச்சொல்லைத் தேடுவது, அகப்படாவிடில் வடசொல், அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிக்கொள்வது. அங்காதிபாதம், சுகரணம் போன்ற அவரது சொற்கள் வழக்கிழந்துவிட்டன. இன்று எமது பிள்ளைகள் சாதாரண தர விஞ்ஞானத்தில் படிக்கும் நாடி, நாளம், சோணையறை, இதயவறை என்னும் சொற்களில் அந்த முயற்சியின் தொடர்ச்சியைக் காண்கிறோம்.

கை முஷ்டியளவேயான இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. உடல் ஓய்ந்திருக்கும்போதும் நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர் இரத்தத்தை அது தள்ளுகிறது. வலப்பக்கம் உடலிலிருந்து வரும் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்ப, அங்கே ஒட்சிசன் பெற்று மீளும் இரத்தத்தை இடப்பக்கம் உடலெங்கும் செலுத்துகிறது. தன்னுள் இவ்வளவு இரத்தம் ஓடினாலும் இருதயத் தசைக்கு உணவூட்டுவன அதன் வெளிப்புறத்தே படர்ந்திருக்கும் முடியுரு நாடிகளே. அவற்றிலொன்று அடைபடும்போது நிகழ்வது மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் நாடி அடைபட்டாலோ வெடித்தாலோ பாரிசவாதம். தள்ளும் வலு குன்றும்போது கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். நெரிசலான இருப்பிடங்களில் சிறுவருக்கு வரும் தொண்டைப்புண் கவனிக்கப்படாவிடின் வாதக்காய்ச்சலாகி இருதய வால்வுகளைப் பழுதாக்கவும் கூடும். நெஞ்சை அழுத்தும் வலியை வாய்வு என்று எண்ணி ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்து உயிரிழந்தவர்களை ஒவ்வொரு கிராமமும் அறியும். நீரிழிவுள்ளோருக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். இத்தனையையும் பெரும்பாலும் தமிழ்ச் சொற்களாலேயே சொல்ல முடிந்தது என்பதைக் கவனிக்க.

கிறீனின் காலத்தில் ஸ்டெதஸ்கோப் இருந்தது. கையில் பட்டி கட்டி இரத்த அழுத்தம் அளக்கும் கருவி 1896இல்தான் வந்தது. ஆகவே அந்த மூதாட்டியின் நோயை அவரால் அளந்திருக்க முடியாது. அதனை விளக்குவதற்கான மொழியை ஆக்கத் தொடங்கியதே அவர் செய்தது.

அது சிறிய காரியமா என்பதற்கு அரபு மொழியின் வரலாறு விடை தரும். 9ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ வைத்தியர், கிரேக்கரான கலெனின் நூல்களை மொழிபெயர்த்தார். வைத்தியம் அரபில் வேரூன்றியது. இருதயத்தின் இரு பக்கங்களையும் பிரிக்கும் சுவரில் உள்ள துளைகளூடாக இரத்தம் கசிகிறது என்பது கலெனின் கொள்கை. 13ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸில் கற்றுக் கெய்ரோவில் வைத்தியம் செய்த இப்னு அந்நபீஸ் அதனை மறுத்து, அச்சுவரில் வழியேதும் இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்று அரபிலேயே எழுதினார். ஹார்வி தமது நூலை வெளியிட்ட 1628க்கு ஏறத்தாழ 4 நூற்றாண்டுகள் முந்திய செய்தி இது. அறிவு ஒரு மொழிக்குள் வந்து நிலைத்தால், அம்மொழியில் அதை மறுக்கவும் திருத்தவும் ஆட்கள் தோன்றுவர். தமிழில் அந்த இரண்டாம் கட்டம் வரவில்லை.

1870இல் கொழும்பு வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியது. 1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். அவர் தொடங்கிய தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய மருத்துவ பீடமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கிறது. உலகத்தோடு ஒட்டிய வைத்தியத்துக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் உயர்தரம் வரை தமிழில் படித்த கிளிநொச்சி மாணவி, ஐந்து ஆண்டுகள் ஆங்கிலத்தில் கற்று, பின் நோயாளியின் கட்டிலருகே மறுபடி தமிழுக்குத் திரும்பும்போது அவருக்குத் துணையாகப் போதிய பாடநூல்கள் இல்லை. தென்னிலங்கையிலிருந்து நியமனம் பெற்று வரும் வைத்தியருக்கும் அவ்வாறே. அவர்களிற் பலர் தாமாகவே தமிழ் பழகிக்கொண்டு பேசுவது நன்றியுடன் குறிப்பிடத்தக்கது.

வூஸ்டருக்குத் திரும்பிய பின்னரும் கிறீன் ஓயவில்லை. யாழ்ப்பாணத்து மாணவர்களோடு கடிதத் தொடர்பு வைத்து மொழிபெயர்ப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார். உடற்றொழிலைக் கூறும் மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு மே 28ஆந் திகதி அவர் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்பதைக் கல்லறையிற் பொறிக்க வேண்டுமென அவர் கேட்டிருந்தார். அவ்வாறே பொறிக்கப்பட்டிருக்கிறது. மானிப்பாய் வைத்தியசாலை அவரது பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.