காருக்குச் செருப்பு போட்ட பெர்த்தா!

காரைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், கார்ல் பென்ஸ் என்று டக்கென்று சொல்லிவிடுவீர்கள். ஓடுகிற காரை நம்பிக்கையோடு நிறுத்துவதற்கு வழி கண்டவர் யார் தெரியுமா, குழந்தைகளே? கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ்!

ஜெர்மனியில் உள்ள ஃபோர்ஸ்ஹைம் என்ற ஊரில், 1849ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி பெர்த்தா பிறந்தார். தந்தை, கட்டடத் தொழில் செய்த வசதியானவர். பெண்கள் பெரிய படிப்பு படிக்க முடியாத காலம் அது. ஆனாலும் இயந்திரம் என்றால் பெர்த்தாவுக்குக் கொள்ளை ஆசை. அது எப்படி ஓடுகிறது, இது ஏன் சுற்றுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்.

இளம்வயதில் கார்ல் பென்ஸ் என்ற பொறியாளரைச் சந்தித்தார். குதிரை இல்லாமல் ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அவருடைய கனவு. ஆனால் கையில் காசில்லை. மன்ஹைம் நகரில் இருந்த தொழிற்கூடத்தில் கூட்டாளியோடும் ஒத்துப்போகவில்லை. தன் திருமணத்துக்காகத் தந்தை ஒதுக்கி வைத்திருந்த பணத்தை முன்கூட்டியே வாங்கி, 1871இல் கூட்டாளியின் பங்கை விலக்கிக்கொள்ள உதவினார் பெர்த்தா. அடுத்த ஆண்டு இருவருக்கும் திருமணம் நடந்தது.

வறுமை விடவில்லை. கார்ல் உருவாக்கிய என்ஜினோ ஓட மறுத்தது. 1879ஆம் ஆண்டின் கடைசி நாள் இரவு. சாப்பிட்டு முடித்ததும், இன்னும் ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்று கணவரைத் தொழிற்கூடத்துக்கு அழைத்துச் சென்றார் பெர்த்தா. அன்று என்ஜின் நிற்காமல் ஓடியது! புத்தாண்டு அவர்களுக்கு டுப் டுப் என்ற சத்தத்தோடு பிறந்தது.

1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் தேதி, தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார் கார்ல். அதைத்தான் காரின் பிறந்தநாள் என்கிறார்கள். ஆனால் வண்டியை வாங்க ஆள் இல்லை. இந்த வண்டியால் தொலைதூரம் போக முடியுமா, வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று மக்கள் தயங்கினார்கள். கார்லோ, இன்னும் திருத்த வேண்டும், இன்னும் சரிசெய்ய வேண்டும் என்று வண்டியைத் தொழிற்கூடத்திலேயே வைத்திருந்தார். இப்படியே போனால் போட்ட பணமும் பட்ட பாடும் வீணாகிவிடும் என்று பெர்த்தாவுக்குப் புரிந்தது.

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கம். பள்ளி விடுமுறை. விடிவதற்கு முன்பே எழுந்தார் பெர்த்தா. மகன்கள் ஆய்கன், ரிச்சர்ட் இருவரையும் அழைத்துக்கொண்டு, கணவரிடம் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினார். மூத்தவனுக்கு வயது 15, இளையவனுக்கு 13. ஃபோர்ஸ்ஹைமில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போவதுதான் திட்டம். தூரம் சுமார் 105 கிலோமீட்டர். அதற்கு முன் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் யாரும் போனதில்லை!

வழியில் தொல்லைக்கு மேல் தொல்லை. எரிபொருள் தீர்ந்தது. அப்போது பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லாக் என்ற ஊரில் மருந்துக் கடைக்குப் போய், துணிக்கறை நீக்க விற்கும் லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். அந்த மருந்துக் கடையைத்தான் உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்கிறார்கள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தன் தொப்பியில் குத்தியிருந்த நீண்ட ஊசியை எடுத்துக் குத்திச் சரிசெய்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறையைக் கட்டும் பட்டையைச் சுற்றி மூடினார். என்ஜின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்ததால், கண்ட இடத்திலெல்லாம் தண்ணீர் பிடித்து ஊற்றினார்கள். மேடு வந்தால் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்.

ஏற்றத்தில் நின்றுவிட்டால் தள்ளலாம். இறக்கத்தில் நிற்காமல் போனால்? அதுதான் உண்மையான ஆபத்து. அந்த வண்டியின் பிரேக் என்பது வெறும் மரக்கட்டை. நெம்புகோலை இழுத்தால் கட்டை அழுத்தி, சுழற்சியை நிறுத்தும். உள்ளங்கைகளை வேகமாகத் தேய்த்துப் பாருங்கள், சுடுகிறது அல்லவா? பிரேக்கிலும் அதேதான் நடக்கிறது. வண்டியின் வேகம் உராய்வால் வெப்பமாக மாறுகிறது. இறக்கத்தில் திரும்பத் திரும்ப அழுத்தியதால் மரம் தேய்ந்துகொண்டே வந்தது. வண்டியில் இருந்தவர்களோ ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும்!

பவுஷ்லாட் என்ற சிற்றூரில் வண்டியை நிறுத்தினார் பெர்த்தா. அவர் தேடிப் போனது தச்சரை அல்ல, செருப்புத் தைப்பவரை! பிரேக் கட்டைகளின் மேல் தோல் துண்டுகளை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். என்ன ஒரு யோசனை பாருங்கள்! தோல் நன்றாகப் பற்றிப் பிடிக்கும். தேய்ந்தால் கட்டையை மாற்ற வேண்டாம், தோலை மட்டும் மாற்றினால் போதும். இன்று வாகனங்களில் இருக்கும் பிரேக் லைனிங்கின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள்.

பொழுது சாய்ந்த பிறகு பாட்டி ஊரை அடைந்தார்கள். வந்து சேர்ந்துவிட்டோம் என்று கார்லுக்குத் தந்தி பறந்தது. சில நாட்களில் வண்டியிலேயே ஊர் திரும்பினார்கள். எது எங்கே பழுதானது என்று பெர்த்தா விவரமாகச் சொன்னார். ஏற்றத்தில் ஏற உதவும் கூடுதல் கியர் ஒன்றைக் கார்ல் சேர்த்தார். பயணத்தின் செய்தி பரவியது. மக்களின் பயம் விலகத் தொடங்கியது. 1899இல் பென்ஸ் நிறுவனம் ஒரே ஆண்டில் 572 வாகனங்களைத் தயாரித்தது. அப்போது உலகின் மிகப் பெரிய கார் நிறுவனம் அதுதான்.

1929இல் கார்ல் மறைந்தார். 1944 மே 3ஆம் தேதி, தன் 95ஆவது பிறந்தநாளில், கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கௌரவப் பட்டம் பெர்த்தாவைத் தேடி வந்தது. பெரிய படிப்புக்கு வாய்ப்பே கிடைக்காத பெண்ணுக்குப் பல்கலைக்கழகம் தந்த மரியாதை அது! இரண்டு நாள் கழித்து லாடன்பர்க் நகரில் அவர் காலமானார். அவர் வண்டி ஓட்டிச் சென்ற பாதை, 2008 முதல் அவர் பெயரால் நினைவுப் பாதையாக இருக்கிறது.

உங்கள் சைக்கிளைப் பாருங்கள். பிரேக்கில் இருப்பது ரப்பர். ஆனாலும் பிரேக் கட்டை என்றுதான் சொல்கிறோம். அந்தக் கட்டை தேய்ந்திருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பெர்த்தா வழியிலேயே நிறுத்திச் சரிசெய்துகொண்டுதான் போனார்!

* * *

பிரேக் ஏன் உதறுகிறது?

* இன்றைய கார்களில் சக்கரத்தோடு ஓர் இரும்புத் தட்டு சுழலும். அதன் பெயர் டிஸ்க். அதை இரு பக்கமும் கவ்விப் பிடிப்பவை பிரேக் பேடுகள்.

* டிஸ்க் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தேய்ந்தால், பிரேக்கை மிதிக்கும்போது ஸ்டியரிங் உதறும். தலைமுடி அளவுக்கும் குறைவான வித்தியாசமே போதும்! டிஸ்க் பொருந்தும் இடத்தில் துரு இருந்தாலும் இப்படி ஆகும்.

* மெக்கானிக் முதலில் டிஸ்கின் தடிமனை அளப்பார். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தேய்ந்திருந்தால் புதிது மாட்ட வேண்டும்.

* பேடுகளை ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் மாற்றக் கூடாது. இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

* முன்பு பிரேக் லைனிங்கில் கல்நார் சேர்த்தார்கள். அதன் தூசி நுரையீரலைக் கெடுப்பதால் பல நாடுகள் தடை செய்துவிட்டன. அந்தக் காருக்கென்று சொல்லப்பட்ட, கல்நார் இல்லாத பேடுகளை வாங்குவதே நல்லது.