ரெசிடென்ஸி சூப்பிரண்டு கற்பித்த மூச்சு

கல்லாற்றிலும் பொன்முடித் தோட்டத்திலும் பஸ் ஏறித் தம்பானூரில் இறங்கும் தமிழர்களுக்குத் தைக்காடு கூப்பிடு தூரம். இன்று அங்கே அரசு விருந்தினர் மாளிகையாக இருப்பது அன்றைய வெள்ளைக்கார ரெசிடெண்டின் பங்களா. 1873 முதல் அங்கே சூப்பிரண்டு உத்தியோகம் பார்த்தவர் ஒரு தமிழர். பெயர் சுப்பராயன். ஊரார் சூப்பிரண்டு அய்யாவு என்றார்கள். பிறகு அவரே தைக்காடு அய்யா சுவாமிகள்.

பிறந்தது 1814-ல். அப்படியானால் நாமெல்லாம் பென்ஷன் வாங்கும் வயதில் அவர் அந்த வேலையில் அமர்ந்திருக்கிறார்! மனைவி மக்களோடு வாழ்ந்து, உத்தியோகமும் பார்த்து, யோகமும் கற்பித்தார்.

சட்டம்பி சுவாமிகள் அவரிடம் கற்றவர். செக்ரட்டேரியட் கட்டட வேலைக்குச் சுமை தூக்கி, கொஞ்ச காலம் குமாஸ்தாவாகவும் இருந்தவர் அவர். 1888-ல் அருவிப்புரத்தில் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்த நாராயண குருவுக்கும் யோகத்தில் ஆசான் அய்யாதான்.

யோகத்தில் பாதி மூச்சு. மேலதிகாரி ஒரு சத்தம் போட்டால் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. அட்ரினல் சுரப்பி ரத்தத்தில் கொட்டும் சரக்கின் வேலை அது. புலி துரத்தினால் ஓட உதவும். பைல் பார்ப்பவனுக்கு உபத்திரவம்தான். இருதயத்தை நம் இஷ்டப்படி நிதானிக்கச் செய்ய முடியாது; மூச்சை முடியும். மூச்சை விடும்போது மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இருதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. நிமிஷத்துக்கு 12-க்கு மேல் ஓடும் மூச்சை, வெளிவிடுவதை நீட்டி, 6 அளவுக்குக் கொண்டுவந்தால் நாடி தணிவதை இன்றைய வைத்தியர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். மூச்சை அடக்கிப் பிடிப்பது வேறு சங்கதி. ரத்தக்கொதிப்பு, இருதய நோய்க்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது. மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

மேலதிகாரியின் சத்தத்துக்கே நமக்கு இப்படியென்றால், பொது வழியில் நடப்பதே குற்றமாக இருந்த ஜாதியார் அந்நாளில் எந்தப் படபடப்போடு திரிந்திருப்பார்கள்? அவர்களையும் அய்யா அழைத்தார். தைப்பூசத்தில் எல்லா ஜாதியாரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். புலையர்களின் உரிமைக்காகப் பின்னாளில் வில்வண்டி ஓட்டிய அய்யன்காளியும் அவரிடம் வந்தவர். உயர்ஜாதியார் ஏசினார்கள், பந்தி நிற்கவில்லை. யோகத்தைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

1909-ல் தமது 95-ஆம் வயதில் மறைந்தார்.  சமாதி தைக்காட்டில் இருக்கிறது, சிவன் கோவிலாக.