கோணத்தால் நாடளந்த லாம்டன்

கல்லடிக் கரையில் இரு முளைகளை அடித்து இடைத்தூரத்தை அளந்துகொள்ளுங்கள். இரண்டிலிருந்தும் புளியந்தீவுக் கரையில் நிற்கும் ஒரு தென்னையை நோக்கிக் கோணங்களைக் குறியுங்கள். வாவியில் கால் நனையாமலே, இரு கோடுகளும் வெட்டுமிடத்தில் தென்னையின் இருப்பிடம் தாளில் விழுந்துவிடும். மூன்றாவது முளையிலிருந்து நோக்கும் கோடும் அங்கேயே வெட்டுமாயின் கணக்குச் சரி. மாணவர்க்கு இதனைக் கற்பிக்குந்தோறும் வில்லியம் லாம்டனை நான் நினைப்பதுண்டு. இவ்வெளிய உபாயத்தைக் கொண்டே அவர் தென்னிந்தியாவை அளந்தார்.

யோர்க்ஷயரில் எளிய குடியிற் பிறந்து படையிற் சேர்ந்த அவர், அமெரிக்கச் சுதந்திரப் போரில், 1781இல், யோர்க்டவுனிலே சிறைப்பட்டார். இந்தியா வந்தபோது இளமை கடந்துவிட்டது, பதவியோ சிறிது. 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கருகே ஏறத்தாழ 7½ மைல் நீளமான அடிக்கோட்டை 100 அடி உருக்குச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். வெயிலில் உருக்கு நீளுமாதலால் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துக் கணக்கைத் திருத்தினார். அக்கோடு பிழைத்தால் அதன்மேல் எழும் முக்கோணங்கள் அத்தனையும் பிழைக்குமல்லவா? பின்னர் சென்னையிலிருந்து மங்களூர்வரை முக்கோணங்களைக் கோத்துச் சென்றபோது, பழைய படங்களில் 400 மைலாக இருந்த அகலம் 360ஆகச் சுருங்கியது.

தஞ்சைச் சமவெளியில் குன்றுகள் இல்லை, கோபுரங்களே குன்றுகளாயின. 1808இல் பெரிய கோயிலின்மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றுகையில் கயிறு தவறிற்று. கருவி சுவரில் மோதி, கோணங்காட்டும் வட்டம் நெளிந்தது. புதியதொன்று இங்கிலாந்திலிருந்து வரும்வரை வேலையைக் கைவிடுவதா? லாம்டன் கூடாரத்துள் அடைந்துகொண்டார். ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து, ஆறு வாரமளவில் பழைய வடிவுக்குக் கொணர்ந்தார். அவர் வென்ற தூரங்களிலும் இவ்வாறு வாரங்களையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கம்பெனி பணம் தந்தது கணிதத்தின்மேற் கொண்ட காதலால் மட்டுமன்று. படை நடத்தவும் வரி தண்டவும் படங்கள் வேண்டியிருந்தன. வெயிலில் கொடி பிடித்தோர், சங்கிலி சுமந்தோர் பெயர்களை யார் எழுதிவைத்தார்?

1823 ஜனவரி 20ஆம் நாள், வடக்கே செல்லும் வழியில், இன்றைய மகாராஷ்டிரத்து ஹிங்கன்காட்டில் லாம்டன் காலமானார். பணி ஜார்ஜ் எவரெஸ்ட் கைக்குச் சென்றது. விமானப் படங்களிலிருந்து நிலப்படம் வரைந்தவர்களும், இரு படங்களில் தெரியும் ஒரே புள்ளிக்குக் கதிர்களை வெட்டச்செய்தே இடங்கண்டனர். இலங்கையின் முக்கோண அளவையும் அந்நெறியிலேயே நடந்தது. அதற்கென அளந்த அடிக்கோடுகள் இரண்டு: ஒன்று நீர்கொழும்பில், மற்றது நம் மட்டக்களப்பில்.