இரு ஒளிகளின் கணக்கு

தாவரவியல் பாடத்தில் எமர்சன் விளைவு என்று ஒரே வரியில் படித்துவிட்டுப் போகிறோம். அந்த வரிக்குரியவர் ராபர்ட் எமர்சன்.

1903-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்த இவர், ஹார்வர்டில் பட்டம் பெற்றபின் பெர்லின் சென்று, ஓட்டோ வார்பர்க் என்னும் மேதையின் மாணவரானார். வெளிவரும் ஆக்ஸிஜனை நுட்பமாய் அளக்கும் முறையை அவரிடமே கற்று, 1927-இல் முனைவரானார். பின்னாளில் அந்த ஆசானோடுதான் கருத்து மாறுபட வேண்டியிருந்தது!

ஒளிச்சேர்க்கையில் ஒரு மூலக்கூறு ஆக்ஸிஜன் உண்டாக எத்தனை ஒளித்துகள்கள் வேண்டும்? நான்கு போதும் என்றார் வார்பர்க். அவரோ நோபல் பரிசு பெற்றவர். எமர்சனின் சோதனைகளோ எட்டுக்குக் குறையவில்லை. 1948-இல் வார்பர்க்கே அமெரிக்காவின் அர்பானா நகருக்கு வந்து எமர்சனின் கூடத்தில் சோதனைகள் செய்தார். அப்போதும் உடன்பாடு ஏற்படவில்லை. ஆசானிடம் மரியாதை வேறு, அளவுகோல் காட்டும் எண் வேறு என்பதில் எமர்சன் உறுதியாக இருந்தார்.

போர்க் காலத்தில், கலிபோர்னியாவின் மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டிருந்த ஜப்பானிய வம்சாவளியினருடன் சேர்ந்து, குவாயூலே என்ற செடியிலிருந்து ரப்பர் எடுக்கும் ஆராய்ச்சியையும் நடத்தினார். பகை மிகுந்திருந்த நாளில் இது எளிய காரியமன்று.

குளோரெல்லா என்னும் பச்சைப் பாசியில் அவர் ஒரு புதிரைக் கண்டிருந்தார். அலைநீளம் 680 நானோமீட்டரைத் தாண்டியதும், பச்சையம் ஒளியை உறிஞ்சிக்கொண்டேயிருந்தும் ஆக்ஸிஜன் வெகுவாகக் குறைந்தது. 1957-இல் அந்த நெடுஞ்சிவப்பு ஒளியோடு, அலைநீளம் குறைந்த வேறோர் ஒளியையும் சேர்த்துப் பாய்ச்சினார். தனித்தனியே கிடைத்தவற்றின் கூட்டுத்தொகையைவிட அதிக ஆக்ஸிஜன் வந்தது! இரண்டு அமைப்புகள் சேர்ந்து உழைக்கின்றன என்பதற்கு இது சான்று.

1959 பிப்ரவரி 3 இரவு, அவர் சென்ற விமானம் நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் விழுந்தது. அவருக்கு வயது 55. அலகாபாத்திலிருந்து அவரை நாடிச் சென்றிருந்த கோவிந்ஜி, ரஜனி ஆகியோர் ஆசிரியரை இழந்த நிலையிலும் அப்பணியைத் தொடர்ந்தனர்.

மறு ஆண்டே ஹில், பெண்டால் என்ற இருவர் விளக்கம் தந்தனர். ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறுக்கு நான்கு எலெக்ட்ரான்கள் நகர வேண்டும். ஒவ்வொன்றையும் முதலில் ஓர் ஒளியமைப்பும், பின்பு மற்றதும் ஒளியால் உந்த வேண்டும். நாலிரண்டு எட்டு!

1969-இல் மேலும் ஓர் அதிசயம் தெரிந்தது. ஓர் அமைப்புக்கு ஒளி மிகுதியாகக் கிடைத்தால், பாசியே பங்கீட்டை மாற்றிக்கொள்கிறது. பசுந்தாவரங்களில், ஒளியைத் திரட்டும் பச்சையப் புரதங்களில் ஒரு பகுதி, மிகுதியாய்ப் பெற்ற இரண்டாம் அமைப்பை விட்டு நகர்ந்து முதல் அமைப்புக்கு உதவுகிறது. ஒளி மாறினால் திரும்பியும் வந்துவிடுகிறது.