கணக்கில் மூன்று முறை தோற்ற கார் மேதை!
(டிப்ளமோ இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு மாணவர்)



காங்கேயம் என்றாலே எல்லாருக்கும் காளைதான் ஞாபகம் வரும். அந்தக் காளையைப் பூட்டிய வில்வண்டியில்தான் நம் அப்பாரு காலத்தில் கல்யாணத்துக்கும் கோயில் நோம்பிக்கும் போனார்கள். சாதா மாட்டுவண்டியில் பாரம் நேராக அச்சின் மேலே உட்காரும். சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் இடுப்பு கழன்று போகும். வில்வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை வில் மாதிரி வளைத்து வைத்திருப்பார்கள். சக்கரம் குதிக்கும், உள்ளே இருக்கும் ஆள் குதிக்க மாட்டார். ஆட்டோமொபைல் பாடத்தில் நாம் படிக்கிற சஸ்பென்ஷனும் இதே சங்கதிதானுங்க.

இந்த ஒரு சங்கதியை வாழ்நாள் முழுக்க விடாமல் பிடித்துக்கொண்டவர் ஒருவர் இருந்தார். கையில் காசு அதிகம் இல்லாத வயதில் ஒரு குட்டிக் காரின் சஸ்பென்ஷனைத் தானே மாற்ற ஆரம்பித்து, உலகப் புகழ் வரைக்கும் போனார். அவர்தான் சர் அலெக் இசிகோனிஸ். அவரும் நம்மைப் போல ஒரு பாலிடெக்னிக் மாணவர், டிப்ளமோக்காரர் என்பதுதான் இதில் விசேஷம்!

அகதியாய் வந்த பையன்

1906 நவம்பர் 18 அன்று ஸ்மிர்னா என்ற துறைமுக நகரில் இசிகோனிஸ் பிறந்தார். அது இன்று துருக்கியில் இஸ்மிர் என்ற பெயரில் இருக்கிறது. அப்பா கிரேக்க வம்சம், ஆனால் பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர். கப்பல் எந்திர வேலை செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். அம்மா ஜெர்மன்காரர். பையன் பட்டறைச் சத்தத்திலேயே வளர்ந்தான்.

1922-ல் கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் நடந்த போரில் ஸ்மிர்னா துருக்கிப் படையிடம் விழுந்தது. பிரிட்டிஷ் கப்பலில் ஏறித் தப்பி மால்டா தீவுக்குப் போனது குடும்பம். தொழிற்சாலை, வீடு, சொத்து எல்லாம் போச்சு. மால்டாவிலேயே அப்பாவும் இறந்துவிட்டார். 1923-ல் அம்மாவும் மகனும் மட்டும் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். அப்போது அவருக்குப் பதினாறு வயது. ஏறக்குறைய நாம் பத்தாவது முடித்துவிட்டு விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்ற வயது!

மூன்று தடவை ஃபெயில்

லண்டனில் பேட்டர்சி பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் சேர்ந்தார். படம் வரைவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் கணக்கு? ஒரு தடவை அல்ல, மூன்று தடவை ஃபெயில்! பல்கலைக்கழகப் பட்டம் கைநழுவியது. டிப்ளமோ மட்டுமே கிடைத்தது.

நம் விடுதியில் எம்-1, எம்-2 அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் கைதட்டுவார்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். கணக்கு வராததால் அவர் பெரியாள் ஆகவில்லை. கணக்கு வராமலும், தன்னிடம் இருந்த இன்னொரு திறமையை விடாமல் தீட்டியதால் ஆனார். கையில் பென்சில் எடுத்தால் ஒரு பாகம் எப்படி அசையும், எங்கே இடிக்கும் என்று முப்பரிமாணத்தில் வரைந்து காட்டுவார். அந்தப் படத்தை அளவும் கணக்குமாக மாற்றித் தர ஜாக் டேனியல்ஸ் போன்ற தேர்ந்த வரைவாளர்கள் பக்கத்தில் இருந்தார்கள். தனக்கு வராததை வரக்கூடிய ஆளோடு சேர்ந்து செய்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

கொட்டகையில் பிறந்த கார்

1928-ல் லண்டனில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஹம்பர், 1936-ல் மோரிஸ் கம்பெனி. இரண்டிலும் அவர் வேலை சஸ்பென்ஷன்தான். அப்போது பெரும்பாலான சின்னக் கார்களில் முன்பக்கமும் ஒரே அச்சுதான். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலது சக்கரமும் சாயும், ஸ்டியரிங் கையை உதறும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

இதைக் கம்பெனியில் மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை. அவரிடம் ஒரு ஆஸ்டின் செவன் கார் இருந்தது. அந்நாளில் இங்கிலாந்தில் சாமானியர் வாங்கக்கூடிய குட்டிக் கார் அது. அதற்குத் தானே முன் அச்சு வடிவமைத்து மாட்டிப் போட்டிகளில் ஓட்டினார். அதிலும் திருப்தி இல்லாமல், ஜார்ஜ் டவுசன் என்ற நண்பரோடு சேர்ந்து புதிதாகவே ஒரு ரேஸ் கார் கட்ட ஆரம்பித்தார். வேலை நேரம் போக மீதி நேரத்தில், பெரும்பாலும் கை ஆயுதங்களாலேயே, வருஷக் கணக்கில் வேலை. எஞ்சின் ஆஸ்டின் செவனுடையது. பாடிக்கு ஒட்டுப்பலகையும் மேலே அலுமினியத் தகடும். தனியாகச் சட்டம் கிடையாது, பாடியே பாரத்தைத் தாங்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், நான்கு சக்கரமும் தனித்தனி, எஃகு வில்லுக்குப் பதில் ரப்பர்! லைட்வெயிட் ஸ்பெஷல் என்று அதற்குப் பெயர். 1930-களின் கடைசியில் தயாராகி ஓடியது. அவருடைய பிற்கால வெற்றிகளுக்கெல்லாம் விதை இந்தக் காரில் இருந்தது என்றால் மிகையாகாது.

மைனர் வந்த கதை

இரண்டாம் உலகப்போர் நடந்தபோதே மோரிஸ் கம்பெனிக்காக ஒரு சின்னக் காரை உருவாக்கினார். முன்பக்கம் சுருள் வில்லும் இல்லை, பட்டையும் இல்லை. நீளமான ஒரு எஃகுத் தண்டு மட்டும். அதன் ஒரு முனை பாடியில் இறுகியிருக்கும். மறுமுனை சக்கரத்தின் கையோடு சேர்ந்திருக்கும். சக்கரம் ஏறும்போது தண்டு முறுக்கிக்கொள்ளும், இறங்கும்போது பழைய நிலைக்குத் திரும்பும். இதுதான் டார்ஷன் பார். இடமும் கம்மி, எடையும் கம்மி.

உற்பத்திக்குப் போகும் நேரத்தில் கார் குறுகலாக இருக்கிறதே என்று அவருக்கு உறுத்தியது. மாதிரிக் காரை நட்டநடுவில் நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, பாதிகளை நகர்த்தி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்திவிட்டார்! ஏற்கெனவே செய்து வைத்த பம்பர்களைத் தூக்கிப் போட முடியாதே? நடுவில் வெட்டி ஒரு துண்டு சேர்த்தார்கள். முதலாளி நஃபீல்டு பிரபுவுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. ஆனால் 1948-ல் வெளிவந்த மோரிஸ் மைனர், பிரிட்டனிலேயே பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் கார் ஆனது.

பத்தடிக்குள் ஒரு குடும்பம்

நடுவில் 1952-ல் ஆல்விஸ் கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் வடிவமைத்த பெரிய கார், செலவு தாங்காது என்று கைவிடப்பட்டது. 1955 கடைசியில் திரும்பி வந்தார். அடுத்த வருஷமே சூயஸ் கால்வாய் நெருக்கடி, பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன். கம்பெனித் தலைவர் லெனார்டு லார்டு, சிக்கனமான சின்னக் கார் ஒன்று உடனே வேண்டும் என்றார்.

இசிகோனிஸ் 10 அடி நீளத்துக்குள் நான்கு பேரை உட்கார வைத்தார். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸை அதற்கு அடியிலேயே வைத்து, முன்சக்கரங்களை ஓட்ட வைத்தார். சக்கரமோ 10 அங்குலம்தான்.

இங்கேதான் சஸ்பென்ஷன் பிரச்சினை வந்தது. கார் எடை சுமார் 600 கிலோ. நான்கு பேர் மூட்டையோடு ஏறினால் 300 கிலோ, அதாவது காரின் எடையில் பாதி! ஒரு ஆளுக்கு மெத்தென்று இருக்கும் ஸ்பிரிங், நாலு பேர் ஏறினால் தரை தட்டும். நாலு பேருக்குச் சரியான ஸ்பிரிங், ஒரு ஆள் போனால் கட்டை மாதிரி தூக்கிப் போடும். இதற்கு விடை ரப்பர். நண்பர் அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்பு, லேசாக அமுக்கினால் மெத்தென்று இருக்கும், அமுக்க அமுக்க விறைப்பாகும். பாரத்துக்குத் தக்கபடி தானே மாறிக்கொள்ளும், இடமும் கொஞ்சம்தான் வேண்டும். கொட்டகையில் கட்டிய காரின் யோசனை இருபது வருஷம் கழித்துப் பலித்தது!

1959 ஆகஸ்ட் 26-ல் வந்த அந்தக் கார்தான் மினி. மான்டி கார்லோ மலைப்பந்தயத்தில் 1964, 1965, 1967 என மூன்று முறை பெரிய கார்களைத் தோற்கடித்தது. 2000 வரை 53 லட்சத்துக்கும் மேல் தயாரானது.

நம்ம ஊர் அம்பாசடரில் அவர்

அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மைனரோடு 1948-ல் வந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலும் அதே டார்ஷன் பார் இருந்தது. அடுத்து வந்த ஆக்ஸ்போர்டுகளுக்கும் அது தொடர்ந்தது. ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையைத்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடர் என்று செய்தது. கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 2014 வரை அது தயாரானது. மைனரும் பேபி இந்துஸ்தான் என்ற பெயரில் நம் நாட்டில் ஓடியது.

ஆக, பழைய அம்பாசடரின் முன்பக்கத்தைத் தூக்கி ஜாக் வைத்தால், அடியில் தெரிவது இசிகோனிஸ் வழி வந்த தண்டு. பின்பக்கம் இருப்பது நம் வில்வண்டிப் பட்டை! பழைய கார் வைத்திருப்பவர் குறைந்த செலவில் அதைச் சொகுசாக்க நினைத்தால், அவர் வாழ்க்கையிலிருந்தே சில பாடம் எடுக்கலாம்:

1. புதுசு வாங்கும் முன் உள்ளதைப் பாருங்கள். டயர் காற்று, தேய்ந்த ரப்பர் புஷ், கிரீஸ் வறண்ட கிங்பின், துருப்பிடித்த பட்டை. சின்னக் காசில் தீர்வது பாதி இங்கேயே இருக்கும்.

2. ஸ்பிரிங் வேறு, ஷாக் அப்சார்பர் வேறு. ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கிச் சேமிக்கும், ஷாக் அப்சார்பர் அந்த ஆட்டத்தை அடக்கும். ஒரு குழியில் விழுந்த பிறகு வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால், தப்பு ஸ்பிரிங்கில் இல்லை.

3. பின்பக்கம் தொங்கிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு பட்டை கூடுதலாக ஏற்றாதீர்கள். பாரம் தாங்கும், ஆனால் ஆள் குறைவாகப் போனால் தூக்கிப் போடும். மினியில் அவர் தீர்த்த சிக்கலை நாமே விலை கொடுத்து வாங்கின மாதிரி ஆகிவிடும்.

4. வலதுபக்க டார்ஷன் பாரை இடதுபக்கம் மாற்றிப் போடக் கூடாது. ஒரு திசையில் முறுக்கிப் பழகிய எஃகு அது. மாட்டும்போதும் இரண்டு பக்க உயரமும் சமமாக இருக்க வேண்டும்.

கடைசிக் காலம்

1969-ல் சர் பட்டம் கிடைத்தது. ஆனால் அதற்கு முந்தைய வருஷம் கம்பெனி இன்னொன்றோடு இணைந்தபோதே அவருக்கு அதிகாரம் குறைந்திருந்தது. 1971-ல் ஓய்வு பெற்றார். அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. தான் நினைத்ததே சரி என்ற பிடிவாதம் அதிகம். முதல் மினிகளில் மழைத்தண்ணீர் உள்ளே புகுந்தது. அத்தனை லட்சம் விற்றும் அந்தக் காரில் கம்பெனிக்குப் பெரிய லாபம் நிற்கவில்லை. கல்யாணமே செய்துகொள்ளாமல் அம்மாவோடு வாழ்ந்தவர், 1988 அக்டோபர் 2 அன்று பர்மிங்ஹாமில் காலமானார்.

நண்பர்களே!

என் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். டிப்ளமோ எல்லாம் ஒரு படிப்பா, பி.இ. சேர்ந்திருக்கலாமே என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது நம்மில் பலருக்கும் முகம் வாடும். இனி வாட வேண்டாம். உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த காரை வடிவமைத்தவர் கையில் இருந்ததும் டிப்ளமோதான். அதே சமயம், அவரே மூன்று தடவை ஃபெயில் என்று சொல்லிப் புத்தகத்தை மூடவும் வேண்டாம். அவர் தோற்ற ராத்திரிகளில் பென்சிலை மூடி வைக்கவில்லை. கொட்டகையில் பல வருஷம் கை காய்க்க வேலை செய்தார்.

நம் பாலிடெக்னிக் பட்டறையில் ஃபைல் இருக்கிறது, வைஸ் இருக்கிறது, லேத் இருக்கிறது. ஊரில் கவனிப்பார் இல்லாமல் நிற்கும் பழைய வண்டிகளும் இருக்கின்றன. அரியரையும் எழுதுவோம், அந்த வண்டிகளுக்கு அடியிலும் படுப்போம்!